அந்தி சாய்ந்ததும் அணையும் கேமரா: ஓர் அரிசி ஆலையின் ஈதர்நெட் கேபிள் ஆய்வு

வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவே உள்ள ஒரு நவீன அரிசி ஆலை இது. வாசலில் எடைமேடை, உள்ளே வந்தால் அலுவலகம், அதன் பின்னால் தகரக் கூரை போட்ட ஆலைக் கொட்டகை, கடைசியில் குடோன். அலுவலக ரேக்கில் கணினிகளை இணைக்கும் 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்று, டேட்டாவோடு மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் 8 போர்ட் பிஓஇ சுவிட்ச் ஒன்று, கேமரா பதிவுக்கு என்விஆர். எல்லா கேபிளும் ஒரே சமயத்தில், ஆலைக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் குழுவே இழுத்தது.

எங்களிடம் வந்த புகார்கள் மூன்று. எடைமேடைக் கணினியில் பில் போட்டால் அலுவலக சர்வருக்குப் போய்ச் சேர நிமிடக்கணக்காகிறது. சில நேரம் பாதியில் அறுந்துவிடுகிறது. குடோன் மூலையில் உள்ள சுழலும் கேமரா, அதாவது பிடிஇசட், பகலெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு மாலை ஆறரை மணிக்கு மேல் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. அலுவலகத்துக்குள் இரண்டு கணினிகள் நொடிக்கு 1000 மெகாபிட் தரும் கிகாபிட் சுவிட்சில் இருந்தும் 100 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. இதற்கு மேல், ஐப்பசி இடி மழை வந்தால் எடைமேடைப் பக்கத்து சுவிட்ச் போர்ட் செத்துப்போவது வருடாந்திர வழக்கமாகிவிட்டது.

முதலில் சந்தேகிக்கப்பட்டது சுவிட்ச். அதை மாற்றினார்கள், பலனில்லை. பிறகு கேமராவை மாற்றினார்கள், அதற்கும் பலனில்லை. கேபிளை யாரும் சந்தேகிக்கவில்லை. காரணம், எடைமேடை, குடோன் கேபிள்கள் இரண்டும் டெஸ்டரில் தேறியிருந்தன. “எட்டு லைட்டும் வரிசையா எரியுதுண்ணே, கேபிள்ல ஒண்ணும் இல்ல” என்பதுதான் எலக்ட்ரீஷியன் மேலாளரிடம் சொன்னது. அவர் சொன்னது பொய் இல்லை. எட்டு விளக்கு எரியும் அந்தச் சில நூறு ரூபாய் டெஸ்டர், இந்த முனையின் ஒன்றாம் எண் அந்த முனையின் ஒன்றாம் எண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்று பேட்டரியின் நேர்மின்சாரத்தை வைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஈதர்நெட் அந்தக் கம்பியில் அனுப்புவதோ நொடிக்குப் பல கோடி முறை மாறும் அலை. கம்பி சேர்ந்திருப்பது ஒன்று, அலை உருக்குலையாமல் போய்ச் சேர்வது இன்னொன்று. இந்த ஆலையின் பெரிய கோளாறுகள் அந்த டெஸ்டரின் கண்ணுக்குத் தெரியாதவை.

எடைமேடை

இந்தக் கேபிள் கேட்5இ (கிகாபிட் தாங்கும் கேபிள் தரம்) வகை, நல்ல செம்பு. உறையில் மீட்டருக்கு மீட்டர் அச்சிட்டிருக்கும் எண்ணை இரு முனையிலும் படித்துக் கழித்தால் 96 மீட்டர். அலுவலகத்திலிருந்து வெளியேறி, காம்பவுண்டுச் சுவரில் ஆணி அடித்து, போர்வெல் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டி, வாசல் வரை போகிறது.

பிளக்கை உற்றுப் பார்த்ததுமே முதல் கோளாறு தெரிந்துவிட்டது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று கண்ணுக்கு அழகான வரிசையில், இரண்டு முனையிலும் ஒன்றுபோலக் கிரிம்ப் செய்திருந்தார்கள். டெஸ்டருக்கு இது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் டி568பி என்னும் நிறவரிசைத் தரப்படி வரிசை இப்படி இருக்க வேண்டும்: 1 வெள்ளை-ஆரஞ்சு, 2 ஆரஞ்சு, 3 வெள்ளை-பச்சை, 4 நீலம், 5 வெள்ளை-நீலம், 6 பச்சை, 7 வெள்ளை-பழுப்பு, 8 பழுப்பு. மூன்றும் ஆறும் ஒரு ஜோடி. நடுவில் நான்கும் ஐந்தும் இன்னொரு ஜோடி. பழைய தொலைபேசி பிளக்கில் நடு இரண்டு பின்னும் லைனுக்கு உரியவை என்பதால் வந்த ஏற்பாடு இது.

அழகு வரிசையில் போட்டால், சுவிட்ச் ஒரு ஜோடி என்று நினைத்து அனுப்பும் 3, 6 இரண்டிலும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்த கம்பிகள் உட்கார்ந்துவிடுகின்றன: ஒன்று வெள்ளை-பச்சை, மற்றொன்று நீலம். ஜோடிக் கம்பிகளை முறுக்கியிருப்பதே, ஒன்றில் ஏறும் இரைச்சல் மற்றதிலும் அதே அளவு ஏறி, வாங்கும் முனையில் கழித்துப் பார்க்கும்போது ஒழிந்துபோக வேண்டும் என்பதற்காக. முறுக்கு பிரிந்தால் அந்தக் கழித்தல் நடக்காது. இதற்குப் பெயர் ஸ்பிளிட் பேர்.

எண்ணில் பார்த்தால் விபரீதம் புரியும். கேட்5இ முழுத் தொடருக்கு 100 மெகாஹெர்ட்ஸில் அனுமதிக்கப்பட்ட இழப்பு 24 டெசிபல். அதாவது அனுப்பிய மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் மறுமுனை சேரும். அருகு முனையில் பக்கத்து ஜோடியிலிருந்து கசிவது, அதாவது நெக்ஸ்ட், குறைந்தது 30.1 டெசிபல் கீழே இருக்க வேண்டும். முப்பத்திரண்டில் ஒரு பங்கு. வந்து சேரும் சிக்னல் கசிவைப் போல இரண்டு மடங்கு இருப்பதால் சில்லு பிரித்தறிந்துகொள்கிறது. ஸ்பிளிட் பேரில் இந்த நெக்ஸ்ட் 20 டெசிபலுக்கு இறங்கினாலே கசிவு பத்தில் ஒரு பங்காகி, சிக்னலைவிடப் பெரிதாகிவிடும். ஹல்லர் ஓடும்போது காதருகே ஒருவர் கத்திக்கொண்டிருக்க, கொட்டகையின் மறுகோடியில் இருப்பவர் பேசுவதைக் கேட்க முயல்வது போலத்தான்.

அப்படியானால் இது எப்படி இத்தனை நாள் ஓரளவாவது ஓடியது? 100 மெகாபிட் ஈதர்நெட்டான 100பேஸ்-டிஎக்ஸ் மூன்று நிலைக் குறியீட்டில் அனுப்புவதால் அதன் அலையின் பெரும்பங்கு ஆற்றல் 31.25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடும். அந்த அலைவரிசையில் இழப்பும் கசிவும் குறைவு. அதனால் பத்து, இருபது மீட்டர் ஸ்பிளிட் பேர் பல இடங்களில் யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். 96 மீட்டரில் அந்தச் சலுகை தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது கோளாறு கம்பியில் இல்லை, கணினியின் அமைப்பில் இருந்தது. முதலில் இணைப்பு கிகாபிட்டில் ஏற முயன்று முயன்று விழுந்திருக்கிறது. அதைப் பார்த்த யாரோ நெட்வொர்க் கார்டின் வேகத்தைக் கையால் “100 ஃபுல் டூப்ளெக்ஸ்” (இருபக்கமும் ஒரே நேரத்தில் பேசும் முறை) என்று பூட்டிவிட்டார்கள். விழுவது நின்றது, பில் ஊர ஆரம்பித்தது. வேகத்தையும் டூப்ளெக்ஸையும் இருபக்கமும் தாமே பேசி முடிவு செய்வதுதான் தானியங்கிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் அதை அணைத்துவிட்டால், மறுபக்கம் வேகத்தை மட்டும் சிக்னலைப் பார்த்து ஊகிக்க முடியும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழியே இல்லை. அந்த நிலையில், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் ஹாஃப் டூப்ளெக்ஸில் நிற்க வேண்டும் என்பது ஈதர்நெட் தரமான 802.3இன் விதி. எனவே கணினி எப்போது வேண்டுமானாலும் பேசுகிறது. சுவிட்சோ, தான் பேசும்போது எதிரில் சத்தம் கேட்டால் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்துகிறது. சுவிட்சின் அந்த போர்ட்டில் லேட் கொலிஷன் (காலம் தாழ்ந்து தெரியும் மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கணினிப் பக்கம், டேட்டா சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழைகள். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், டூப்ளெக்ஸ் பொருத்தமின்மைதான். பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போட்டால் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் பிங்கில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. கோப்பு நகலெடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

வேகத்தைக் கையால் பூட்டும் பழக்கத்தையே விட்டுவிடலாம். கிகாபிட் செம்பில், அதாவது 1999இல் வந்த 1000பேஸ்-டியில், பேச்சுவார்த்தை கட்டாயம். எந்தப் பக்கம் கடிகாரத்துக்குத் தலைமை என்பதை முடிவு செய்வதே அதில்தான் நடக்கிறது.

நீளமும் சரியில்லை. நூறு மீட்டர் என்று எல்லோரும் சொல்வது முழுத் தொடருக்கு: சுவரில் நிலையாக ஓடும் கேபிள் 90, இரு முனை பேட்ச் கார்டுகளுக்குச் சேர்த்து 10. அந்த 90ம் 20 டிகிரி வெப்பத்துக்குச் சொன்னது. மதுரைப் பக்கம் 20 டிகிரியை மார்கழி விடியலில் பார்க்கலாம். வெப்பம் ஏறினால் இழப்பு ஏறும். 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம், அதற்கு மேல் 60 வரை 0.6 சதவீதம். அதனால் கேபிள் தரமான டி.ஐ.ஏ-568 தரும் அட்டவணை நிலைக் கேபிளை 30 டிகிரியில் 87 மீட்டராகவும், 40இல் 84 ஆகவும், 50இல் 79.5 ஆகவும், 60இல் 75 ஆகவும் குறைக்கச் சொல்கிறது. வெயில் விழும் சுவரில் 96 மீட்டர் என்பது எப்படிப் பார்த்தாலும் கூடுதல். வெளியே போட உரியதல்லாத உறை வேறு. வெயில் பட்ட பக்கம் வெடித்திருந்தது.

இடியின் கதை தனி. எடைமேடைக்குத் தனி எர்த் குழி, அலுவலகத்துக்குத் தனி எர்த் குழி. அருகில் இடி இறங்கும்போது இரண்டு மண்ணுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் ஒரு கணம் எழும். ஈதர்நெட் போர்ட்டில் உள்ள குட்டி மின்மாற்றி 1500 வோல்ட் வரை தடுக்க வேண்டும் என்பதே தரம் கேட்பது. அதற்கு மேல் வருவது சில்லைத் தொட்டுவிடும். ஷீல்டு உள்ள கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். நல்ல வேளை போடவில்லை. ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்தால் இரண்டு குழிகளுக்கும் நடுவே மின்சாரம் ஓட அதுவே பாதையாகிவிடும். தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பே போடக் கூடாது என்பதுதான் எங்கள் கணிப்பு. சர்ஜ் அரெஸ்டர் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஒளியில் டேட்டா அனுப்பும் ஃபைபர் கேபிள் நூறு மீட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அதில் லாபம் ஒன்றும் இல்லை.

குடோன் கேமரா

மூன்றில் சுவாரசியமான கேஸ் இதுதான். கேமரா 802.3ஏடி வகை பிஓஇ. பகலில் 9 வாட் இழுக்கிறது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்; கூடவே கேமரா திரும்பினால் மோட்டாரும் சேர்ந்து 22 வாட் வரை போகும். சுவிட்ச் தருவது 52 வோல்ட். ஏடி தரப்படி சுவிட்ச் 30 வாட் வரை கொடுக்கலாம், வழியில் இழந்ததுபோக கருவிக்கு 25.5 வாட் உறுதி. கருவியின் வாசலில் மின்னழுத்தம் 42.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

கேபிள் நீளம் 118 மீட்டர். இதுவே தவறு. ஆனால் நீளம் மட்டும் காரணமாக இருந்தால் படம் பகலிலும் தடுமாற வேண்டும். எனவே மல்டிமீட்டர் எடுக்கப்பட்டது. குடோன் முனையில் பச்சை ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, அலுவலக முனையில் அந்த ஜோடியின் ஓம் அளவு பார்ப்பதுதான் சோதனை. மீட்டரின் இரு சோதனைக் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். கேபிளை சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகு, கூரை சூடேறாத காலை நேரத்தில் செய்வது நல்லது.

24 கேஜ் செம்பு, விட்டம் 0.51 மி.மீ., நூறு மீட்டருக்கு ஒரு கம்பி சுமார் 8.4 ஓம். 118 மீட்டர் போய் வர 20 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் காட்டியது 41. முழுத் தொடருக்கே தரம் அனுமதிப்பது 25 ஓம்தான்.

கம்பியைக் கத்தி முனையால் சுரண்டியதும் உள்ளே வெள்ளி நிறம். செம்பு முலாம் போட்ட அலுமினியம். கடையில் சிசிஏ என்பார்கள், பெட்டியில் பெரும்பாலும் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. விட்டமும் 0.45 மி.மீ.தான். அலுமினியம் மின்சாரம் கடத்துவதில் செம்பில் 61 சதவீதம். முலாமின் புண்ணியத்தில் சற்றுக் கூடும். மெலிந்த கம்பி, மட்டமான உலோகம் இரண்டும் சேர்ந்து எதிர்ப்பு இரண்டு மடங்காகிவிட்டது. டி.ஐ.ஏ, ஐ.எஸ்.ஓ எந்தத் தரத்திலும் சிசிஏவுக்கு இடமில்லை. கேட்5இ, கேட்6 என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் அது அந்த வகை ஆகாது.

இப்போது கணக்கு. பிஓஇ ஒரு ஜோடியில் போய் இன்னொரு ஜோடியில் திரும்புகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு கம்பிகள் இணையாகச் சுமக்கின்றன. ஆகவே மொத்தச் சுற்றின் எதிர்ப்பு ஒரு கம்பியின் ஒருவழி எதிர்ப்புக்குச் சமம்: 20.5 ஓம். பகலில் 9 வாட்டுக்கு 0.19 ஆம்பியர் ஓடும், வழியில் சுமார் 4 வோல்ட் இறங்கி, கேமராவுக்கு 48 வோல்ட் கிடைக்கும். இரவில் 22 வாட்டுக்கு 0.54 ஆம்பியர்; 11 வோல்ட் இறங்கி 41தான் மிஞ்சும். 42.5க்குக் கீழே. அதுவும் 20 டிகிரிக் கணக்கு. மாலை ஆறரைக்குத் தகரத்தின் சூடு தணிந்திருக்காது, எதிர்ப்பு இன்னும் கூடும், மின்னழுத்தம் இன்னும் இறங்கும். கேமரா அணைகிறது, அணைந்ததும் சுமை போய் மின்னழுத்தம் ஏறுகிறது, மறுபடி எழுந்து விளக்கைப் போடுகிறது, மறுபடி விழுகிறது. கேமராவை எத்தனை முறை மாற்றினாலும் இதே கூத்துதான் நடக்கும்.

கேமரா சுவிட்சில் “எக்ஸ்டெண்ட்” என்று ஒரு குட்டித் தள்ளு பொத்தான் உண்டு. அதைத் தள்ளினால் 250 மீட்டர் போகும் என்று சொல்லி விற்கிறார்கள். இங்கேயும் அதைத் தள்ளித்தான் வைத்திருந்தார்கள். அது செய்வது, வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கிவிடுவது. குறைந்த வேகத்தில் அலைவரிசை குறைவு, எனவே தூரம் தாங்கும். தரத்தில் இல்லாத ஏற்பாடு என்றாலும் சின்ன கேமராவுக்கு ஓடும். ஆனால் மின்சாரம் போகும் கம்பி அதே கம்பி. வோல்ட் இழப்பை அந்தப் பொத்தான் ஒரு இம்மியும் குறைக்காது. பகலில் படம் சுத்தமாக வந்ததற்கு அந்தப் பொத்தான் காரணம். அதனாலேயே கேபிள் மேல் சந்தேகம் வராமல் போனது.

வழித்தடமும் மோசம். கொட்டகையில் தகரத்துக்கு ஒரு சாண் கீழே, கைமரக் குழாயில் நேரடியாகக் கட்டியிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு அங்கே வெப்பமானி 56 டிகிரி காட்டியது. அதன்பின் எலிவேட்டர் மோட்டார்களுக்குப் போகும் கேபிள் தட்டிலேயே படுத்துக்கொண்டு இருபது மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் ஒரு மோட்டார் விஎஃப்டியில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவியில், ஓடுகிறது. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள கேபிள்தான் கொட்டகையிலேயே அதிக இரைச்சல் எழுப்புவது. அதில் மின்னழுத்தம் மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்குவதால் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இரைச்சல் கிளம்பும். 5 கேவிஏவுக்கு மேற்பட்ட பவர் கேபிளிலிருந்து ஷீல்டு இல்லாத டேட்டா கேபிளை 610 மி.மீ. தள்ளி வைப்பது பழைய, இன்றும் நல்ல விதி. குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கலாம்.

அலுவலகத்தின் இரண்டு கணினிகள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கேபிளில் இரண்டு இணைப்பு எடுத்திருந்தார்கள்: ஆரஞ்சும் பச்சையும் ஒரு கணினிக்கு, நீலமும் பழுப்பும் கைரேகை வருகைப் பதிவுக் கருவிக்கு. 100பேஸ்-டிஎக்ஸுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் ஓடும். 1000பேஸ்-டி நான்கு ஜோடியிலும், ஒவ்வொன்றிலும் 250 மெகாபிட்டை இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதால், இரண்டு ஜோடி இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

இன்னொன்றில் பழுப்புக் கம்பி பிளக்குக்குள் முழுதாகச் சேரவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வேகப் பேச்சுவார்த்தை 1-2, 3-6 ஜோடிகளில் மட்டுமே நடக்கிறது. எனவே பழுப்பு அறுந்திருந்தாலும் இரு பக்கமும் “கிகாபிட் போகலாம்” என்று ஒப்புக்கொள்ளும். பிறகு நான்கு ஜோடியையும் எழுப்பப் பார்த்துத் தோற்கும். நல்ல சில்லு சில முயற்சிக்குப் பின் 100க்கு இறங்கும். மட்டமான சில்லு விளக்கை எரித்து எரித்து அணைத்துக்கொண்டே இருக்கும். இணைப்பு விளக்கு தாளம் போட்டால் முதலில் நீலத்தையும் பழுப்பையும் பாருங்கள்.

மாற்றியது

எடைமேடைக்கும் குடோனுக்கும் ஃபைபர். 9/125 சிங்கிள் மோட், 6 கோர், எஃகு உறை உள்ள வகை. அரிசி ஆலையில் எலி இல்லாத இடம் கிடையாது, எனவே எஃகு உறை வேண்டும்; ஆனால் அந்த எஃகே எர்த் குழிகளை இணைத்துவிடாமல் இருக்க, அலுவலக முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையில் உறையை வெட்டிப் பின்னிழுத்துக் காப்பிட வேண்டும். இதை மறந்தால் ஃபைபர் போட்டதன் பாதிப் பயன் போய்விடும். 32 மி.மீ. எச்டிபிஇ குழாயில், 600 மி.மீ. ஆழத்தில் புதைத்தது, மேலே எச்சரிக்கை நாடா, நெல் லாரி திரும்பும் இடத்தில் மட்டும் ஜிஐ குழாய். குழாய் வாயை ஸ்பிரே ஃபோமால் அடைத்தால் எலி ஒரே இரவில் திறந்துவிடும். இரும்புச் சுருளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் தாங்கும்.

இரு முனையிலும் எல்சி பிக்டெயில் (கனெக்டர் பொருத்திய சிறு ஃபைபர் துண்டு) ஃபியூஷன் ஸ்பிளைஸ், அதாவது உருக்கி ஒட்டியது. கணக்கு: நூறு மீட்டரில் ஃபைபரின் இழப்பு 0.04 டெசிபல்கூட இல்லை; ஸ்பிளைஸ் இரண்டுக்கு 0.2, கனெக்டர் இரண்டுக்கு 1.0 என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 1.25 டெசிபலுக்குள். ஃபைபரில் ஓடும் கிகாபிட் வகையான 1000பேஸ்-எல்எக்ஸ் தாங்கும் அளவு 8 டெசிபல். தூரம் குறைவு என்பதால் ஒளி அதிகமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்: எல்எக்ஸ் அனுப்பும் உச்சம் -3 டிபிஎம் (ஒளித்திறன் அளவு), வாங்கக்கூடிய உச்சமும் -3. ஆனால் சுவிட்சில் செருகும் ஒளி மாட்யூலான எஸ்எஃப்பிக்குக் கடைக்காரர் “80 கிலோமீட்டர் மாடல், இன்னும் பவர்ஃபுல்” என்று நீட்டினால் வாங்க வேண்டாம். நூறு மீட்டரில் அது வாங்கும் முனையைக் குருடாக்கிவிடும். எஸ்எஃப்பி செருகுமுன் ஒவ்வொரு முறையும் முனையைத் துடைக்க வேண்டும். உமித் தூசியும் தவிட்டுத் தூசியும் பறக்கும் இடத்தில் மூடி இல்லாமல் ஐந்து நிமிடம் விட்ட எல்சி முனை, கணக்கில் போட்ட 0.5 டெசிபலை எளிதில் தாண்டும்.

குடோனில் தூசிப் புகாப் பெட்டிக்குள் 52 வோல்ட் பிஓஇ சுவிட்ச். அங்கிருந்து கேமராவுக்கு 28 மீட்டர் கேட்6, 23 கேஜ் முழுச் செம்பு. நூறு மீட்டருக்கு ஒரு கம்பி 6.7 ஓம்; 28 மீட்டருக்கு 1.9. இரவு 22 வாட்டில் இறங்குவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, கேமராவுக்கு 51 கிடைக்கிறது. முழுவதும் கேட்6 மாற்றி 90 மீட்டருக்குள் அடக்க முடிந்திருந்தால் அதுவும் சரிதான்; அந்த எதிர்ப்பில் 88 மீட்டருக்கு 49 வோல்ட் கிடைத்திருக்கும். தூரம் இடம் கொடுக்கவில்லை.

கேபிள் வாங்கும்போது பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதே பாதிச் சோதனை. 24 கேஜ் எட்டுக் கம்பி 305 மீட்டரில் செம்பு மட்டுமே சுமார் நாலரை கிலோ வரும். குடோனில் இருந்த வகையில் உலோகம் ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. கையில் எடுத்தவுடன் தெரியும். அதற்குப் பிறகு கத்தி, மீட்டர். பெட்டியின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்து, அது மீட்டரா அடியா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்தில் எல்லா நிலைக் கேபிளும் ஒரு பக்கம் பேட்ச் பேனலில், மறுபக்கம் சுவர் சாக்கெட்டான ஐஓ பாக்ஸில் முடிகின்றன. கெட்டிக் கம்பியில் நேரடியாக பிளக் அடிப்பது தவறில்லை, ஆனால் பிளக் அந்தக் கம்பிக்கு உரியதாக இருக்க வேண்டும்: இழைக் கம்பிக்கான பிளக்கின் பல் கம்பியைக் குத்திக்கொண்டு உள்ளே போகும், கெட்டிக் கம்பியில் குத்த முடியாமல் உரசி நிற்கும், வெயில் காலத்தில் விடும். பஞ்ச் டவுன் செய்யும்போது, அதாவது கம்பியை முனையத்தில் அழுத்திப் பொருத்தும்போது, முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்கு மேல் கூடாது. உறையை நிறைய உரித்துவிட்டு அழகாகச் சீவி நேராக்கும் கை, நெக்ஸ்டைக் கெடுக்கும் கை. இழுக்கும் விசை 110 நியூட்டனுக்குள், அதாவது 11 கிலோ எடைக்குள். இரண்டு பேர் சேர்ந்து “ஏலேலோ” போட்டு இழுத்தால் அதைத் தாண்டிவிடும், முறுக்கு நீண்டுபோகும். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தில் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. கேபிள் டையை விரல் கொண்டு நகர்த்த முடிகிற அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ரேக்கில் வெல்குரோ பட்டை.

எடைமேடைக் கணினியின் வேகப் பூட்டை நீக்கி “ஆட்டோ”வுக்குக் கொண்டுவந்தாயிற்று. எடை காட்டும் கருவியிலிருந்து கணினிக்கு வரும் சீரியல் கேபிள் அந்த அறைக்குள்ளேயே நின்றுகொள்கிறது. அதை அலுவலகம் வரை நீட்டும் பழைய யோசனை கைவிடப்பட்டது.

சோதனைக்குச் சான்றளிப்புக் கருவி ஒரு நாள் வாடகைக்கு. சொந்தமாக வாங்கினால் சில லட்சம் ஆகும். ஒவ்வொரு கேபிளுக்கும் வயர்மேப் (கம்பி வரிசை), நீளம், இழப்பு, நெக்ஸ்ட், ரிட்டர்ன் லாஸ் (திரும்பி எதிரொலிக்கும் அலையின் அளவு) அடங்கிய கோப்பைத் தரும். நீளம் பார்க்கும் முன் கேபிள் உறையில் அல்லது விவரக் குறிப்பில் உள்ள என்விபி எண்ணை (கேபிளில் அலை ஓடும் வேகத்தின் விகிதம்) கருவியில் சரியாகப் போட வேண்டும். அது இரண்டு சதவீதம் தவறினால் நீளமும் இரண்டு சதவீதம் தவறும். வாடகைக்கும் வழியில்லாதவர்கள் குறைந்தது ஸ்பிளிட் பேர் கண்டுபிடிக்கும் டெஸ்டராகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓம் அளவை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். நான்கு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்த முனையில் பஞ்ச் சரியில்லை.

வேலை முடிந்து ஒப்படைத்தபோது சுவிட்ச் கவுன்ட்டர்கள் பூஜ்யமாக்கப்பட்டு, நாலு நாள் ஆலை முழு ஓட்டத்தில் ஓடிய பின் பார்க்கப்பட்டன. எடைமேடை போர்ட்டில் சிஆர்சி இல்லை. பிடிஇசட் இரவு முழுக்க எழுந்தே இருந்தது. கொட்டகைக்குள் இருக்கும் மற்ற இரண்டு கேமராக்களின் கேபிள் இன்னும் தகரத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. நீளம் 40 மீட்டருக்குள், சுமை 6 வாட் என்பதால் இப்போதைக்கு அப்படியே விடப்பட்டது. அலுவலக பிரிண்டருக்குப் போகும் 12 மீட்டர் சிசிஏவும் அப்படியே இருக்கிறது. பிஓஇ இல்லாமல், 100 மெகாபிட்டில், குளிர்ந்த அறைக்குள் அது ஓடும். ரேக்கில் அதற்கு மட்டும் சிவப்பு லேபிள் ஒட்டி, “பிஓஇ போர்ட்டில் செருகாதே” என்று எழுதியிருக்கிறது.